கிம்ப் மக்கர் பண்ணும்போது எங்கே பார்ப்பது

என் சித்தி மகன் ஒரு சின்ன ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். மாதச் சந்தா கட்டும் மென்பொருள் கட்டுப்படியாகவில்லை என்று, படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்புக்கு (GIMP) மாறினான். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று முறையாவது போன் வரும். "அண்ணே, கிம்ப் கெட்டுப்போச்சு. அழிச்சுட்டு மறுபடி போடட்டுமா?"

ஒரு முறைகூடக் கிம்ப் கெட்டுப்போயிருக்கவில்லை. மறுபடி நிறுவுவதிலும் பெரிய பலன் இல்லை. கிம்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் உங்கள் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர் அப்படியே கிடக்கும். புதிதாகப் போட்ட கிம்ப் அதே ஃபோல்டரைப் படித்து, அதே கோளாறோடு எழுந்து நிற்கும்.

அவனிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "படத்துக்குக் கீழே இருக்கிற பட்டையில் என்ன எழுதியிருக்கு?" கிம்ப் பெட்டி திறந்து கத்தாது. தனக்கு என்ன தடை என்பதைப் பெரும்பாலும் விண்டோவின் அடியில் இருக்கும் அந்த ஒல்லியான பட்டையில், சில நொடி மட்டும், சின்ன எழுத்தில் சொல்லும். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தாள் போன்ற பட அடுக்கு) பூட்டியிருக்கிறது, லேயர் மறைந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் வரும். நாம் பிரஷ் நுனியையே பார்த்துக்கொண்டிருப்போம். செய்தி வந்து போயிருக்கும்.

கீழே சொல்வது 2018-ல் வந்த 2.10 பதிப்புக்கும், 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கும் பொருந்தும். வித்தியாசம் உள்ள இடத்தில் சொல்லிவிடுகிறேன். மெனுப் பெயர்களை ஆங்கிலத்தில் இருக்கிறபடியே எழுதுகிறேன். உங்கள் கிம்ப் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தெரிந்தால், எடிட் → ப்ரிஃபரன்ஸஸ் → இன்டர்ஃபேஸில் மொழியை ஆங்கிலமாக்கி, கிம்பை மூடித் திறந்துவிடுங்கள். தமிழ்ப்பற்று வேறு, யூட்யூபில் பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் ஆங்கில மெனுவைத்தான் காட்டுகிறார்கள்.

பிரஷ் ஓடுகிறது, படத்தில் ஒன்றும் விழவில்லை

வருகிற புகார்களில் பாதி இதுதான். காரணமும் பாதி நேரம் ஒன்றுதான்: எங்கோ ஒரு செலக்‌ஷன் உயிரோடு இருக்கிறது, அதாவது இந்த இடத்தில் மட்டும் வேலை செய் என்று குறித்த எல்லை. படத்தின் மூலையில் பத்து பிக்சல் அகலத்துக்கு ஒரு கட்டம் தெரியாமல் இழுபட்டிருந்தால் போதும். அந்தக் கட்டத்துக்கு வெளியே நீங்கள் எவ்வளவு தேய்த்தாலும் மை ஒட்டாது. செலக்ட் → நன் கொடுங்கள். விசைப்பலகையில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ.

ஃபோட்டோஷாப் பழகிய கைக்கு இங்கே இரண்டு பள்ளம் இருக்கிறது. செலக்‌ஷனை நீக்க அவர்கள் கண்ட்ரோல் + டி (D) அழுத்துவார்கள். கிம்பில் அது டூப்ளிகேட். படத்துக்கு ஒரு நகல் புதிதாகத் திறக்கும், அதுவும் அதே செலக்‌ஷனோடு. என் தம்பி ஒரு நாள் ஒரே மணப்பெண் படத்தை ஏழு டேபில் திறந்து வைத்துக்கொண்டு போன் செய்தான். அடுத்த பள்ளம் இன்னும் மோசம். அங்கே ட்ரான்ஸ்ஃபார்முக்கு அழுத்தும் கண்ட்ரோல் + டீ (T), இங்கே ஷோ செலக்‌ஷன். அழுத்தியதும் எறும்பு ஊர்வது போல ஓடும் கோடு கண்ணிலிருந்து மறையும். செலக்‌ஷன் மட்டும் போகாது. வேலி தெரியாது, ஆனால் வேலி இருக்கும். வியூ மெனுவில் ஷோ செலக்‌ஷனுக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

செலக்‌ஷன் இல்லை என்று உறுதியானால், அடுத்து லேயர் பேனல். எந்த லேயர் தேர்வாகியிருக்கிறது? அதன் கண் திறந்திருக்கிறதா? பூட்டு விழுந்திருக்கிறதா? லேயர் குரூப்பைத் தேர்ந்துவிட்டு வரையப் பார்த்தாலும் வராது. எழுத்துகள் உள்ள படத்தில் இது அடிக்கடி நடக்கும்: நீங்கள் போட்டோவில் வரைவதாக நினைப்பீர்கள், தேர்வில் இருப்பதோ மேலே உள்ள டெக்ஸ்ட் லேயர்.

சில நேரம் பாதி இடத்தில் மை விழும், ஒரு கோட்டைத் தாண்டினால் விழாது. அப்போது படத்தின்மேல் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அது லேயரின் எல்லை. கிம்பில் லேயருக்கும் கேன்வாஸுக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒட்டிய படம் அதன் சொந்த அளவிலேயே இருக்கும். லேயர் → லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தால் விரியும். அந்தக் கோடு பச்சையாக இருந்தால் நீங்கள் நிற்பது லேயரில் அல்ல, லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் லேயர் மாஸ்க்கில். சிவப்பு பெயின்ட் எடுத்துத் தீட்டினாலும் படம் மங்குவதும் தெளிவதுமாகத்தான் இருக்கும். லேயர் பேனலில் மாஸ்க்குக்குப் பக்கத்தில் உள்ள படத்தின் சிறு உருவைச் சொடுக்கினால் திரும்பி வந்துவிடலாம்.

2.10-ல் இன்னொன்று. எதையாவது பேஸ்ட் செய்தால் அது "ஃப்ளோட்டிங் செலக்‌ஷன்" என்று லேயர் பட்டியலின் உச்சியில் தொங்கும். அதைத் தரையிறக்காமல் மற்ற லேயரைத் தொட முடியாது. புது லேயராக வேண்டுமானால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என், கீழே உள்ள லேயரோடு ஒட்டிவிட வேண்டுமானால் கண்ட்ரோல் + எச். 3.0-ல் சாதாரண பேஸ்ட் நேராகப் புது லேயராகவே வருகிறது. இந்த ஒன்றுக்காகவே 3.0-க்கு மாறலாம்.

படம் முழுக்கச் சிவப்புக் கண்ணாடி போட்டது போல ஆகிவிட்டதா? ஷிஃப்ட் + கியூ தெரியாமல் பட்டிருக்கிறது. க்விக் மாஸ்க் அது. மறுபடி ஒரு முறை அழுத்துங்கள், போய்விடும்.

ரப்பரால் தேய்த்தால் பின்னணி போகாமல் வெள்ளை அடிக்கிறது

ஜேபிஜி படத்துக்கு ஒளிபுகும் தன்மை கிடையாது. அந்த வடிவத்திலேயே அதற்கு இடமில்லை. அதைத் திறந்ததும் கிடைக்கும் லேயரிலும், ஒளிபுகும் அளவைக் குறித்துவைக்கும் ஆல்ஃபா சேனல் இருக்காது. அதனால் ரப்பர் ஓட்டை போட முடியாமல், கருவிப் பெட்டியில் இருக்கும் பின்னணி நிறத்தைத் தீட்டிவிட்டுப் போகிறது. லேயர் → ட்ரான்ஸ்பரன்சி → ஆட் ஆல்ஃபா சேனல். இனி தேய்த்தால் சாம்பல் கட்டம் தெரியும்.

வேலை முடிந்து திரும்ப ஜேபிஜியாகவே எக்ஸ்போர்ட் செய்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஓட்டை இருந்த இடமெல்லாம் பின்னணி நிறம் வந்து உட்காரும். பிஎன்ஜி அல்லது வெப்பி (WebP) வடிவம் எடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கை. கிம்பில் ஆல்ஃபா உள்ள லேயரை ரப்பரால் தேய்த்தால் பிக்சலின் நிறம் அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அதே ரப்பரை ஓட்டினால் பழையபடி வந்துவிடும். பிஎன்ஜி எக்ஸ்போர்ட் பெட்டியில் "சேவ் கலர் வேல்யூஸ் ஃப்ரம் ட்ரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ்" என்ற வரிக்கு டிக் இருந்தால், தேய்த்த இடத்தின் நிறமும் கோப்போடு சேர்ந்தே போகும். ஆதார் எண்ணை, வங்கிக் கணக்கு எண்ணை மறைக்க ரப்பரை நம்பாதீர்கள். கட்டம் போட்டுக் கறுப்பை ஊற்றி, ஜேபிஜியாக அனுப்புங்கள்.

சேவ் கொடுத்தால் ஜேபிஜி என்று எழுத விடவில்லை

கிம்ப் வேண்டுமென்றே இப்படித்தான் செய்கிறது. 2012-ல் வந்த 2.8 முதல் சேவ் என்றால் கிம்பின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப் (XCF) மட்டும். மற்ற எல்லாமே ஃபைல் → எக்ஸ்போர்ட் ஆஸ், அதாவது கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ. வந்த புதிதில் பலரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். இப்போது சரி என்றே படுகிறது. லேயர்கள் நிறைந்த வேலையை ஜேபிஜியாகச் சேமித்துவிட்டு, மறுநாள் "ஒரு எழுத்தை மட்டும் மாற்றணும் சார்" என்று ஆள் வந்து நிற்கும்போது தலையில் கை வைத்தவர்களுக்குத் தெரியும்.

எக்ஸ்போர்ட் முடித்து மூடும்போது "சேமிக்கவில்லையே" என்று கேட்கும். வெறும் அளவு மாற்றத்துக்காகத் திறந்த படம் என்றால் தயங்காமல் டிஸ்கார்ட் கொடுக்கலாம்; ஜேபிஜி வெளியே பத்திரமாக இருக்கிறது.

தமிழ் எழுத்து சரியாக வரவில்லை

கிம்பால் தமிழ் எழுத முடியாது என்று ஒரு பேச்சு இன்னும் சுற்றுகிறது. யூனிகோடு தமிழைக் கிம்ப் ஒழுங்காகவே அடுக்கும். கொம்பும் காலும் இடம் மாறாது. கோளாறு எந்த வகை என்று பிரித்துப் பார்த்தால் வழி கிடைக்கும்.

எழுத்துருவை மாற்ற மாற்ற ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் ஒரே மாதிரி நிற்கிறது என்றால், நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் யூனிகோடு இல்லை என்று அர்த்தம். கிம்ப் கட்டம் காட்டாமல், கணினியில் தமிழ் உள்ள வேறு எழுத்துருவை இரவல் வாங்கிப் போட்டுவிடுகிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் பார்ப்பவருக்குக் குழப்பம். பாமினி எழுத்துருவைத் தேர்ந்துவிட்டு யூனிகோடில் தட்டினாலும் இதே கதை: பெயர் பாமினி என்று இருக்கும், திரையில் வருவது லதாவோ நிர்மலாவோ. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரான், மீரா இனிமை என்று இலவச யூனிகோடு எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், உடனே மாறும்.

ஒட்டிய தமிழ், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால், அது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் காலத்துக் கோப்பிலிருந்து வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து ஏமாற்றியவை. இரண்டு வழி: அந்தப் பழைய எழுத்துருவையே நிறுவி, எழுத்துக்கு அதைக் கொடுப்பது, இல்லையென்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிக்கொண்டு வருவது. நான் இரண்டாவதைத்தான் செய்வேன். அடுத்த முறை அதே வரியை வாட்ஸப்பிலும் ஒட்டலாமே.

புள்ளி வட்டம் ஒன்று முளைத்து, அதற்குப் பக்கத்தில் கொம்பு நிற்கிறதா? உயிர்மெய்க்குறி மெய்யெழுத்துக்கு முன்னால் வந்திருக்கிறது. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் இப்படி ஆகும். "கொ" என்பதில் க முதலில், ஒகரக்குறி பிறகு. கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு, கணினிக்கு வேண்டிய வரிசை வேறு. அந்தச் சொல்லை அழித்துவிட்டுக் கையால் தட்டிவிடுவதே சீக்கிரம் முடியும்.

தட்டும்போதே எழுத்து தடுமாறினால், அதாவது "கி" கேட்டால் "க" வந்து நின்று குறி அடுத்து தொங்கினால், டெக்ஸ்ட் கருவியின் ஆப்ஷன்களில் "யூஸ் எடிட்டர்" என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். தனிச் சிறு விண்டோ திறக்கும், அதில் தட்டலாம். அதுவும் சரிவரவில்லையா? நோட்பேடில் தட்டி ஒட்டுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது.

புதிதாக நிறுவிய எழுத்துரு பட்டியலிலேயே இல்லை என்றால், ஃபான்ட்ஸ் பேனலின் அடியில் உள்ள ரெஃப்ரெஷ் பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸில் எழுத்துருவை நிறுவும்போது வலது சொடுக்கில் "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுப்பது நல்லது. ஒரே பயனருக்கு மட்டும் போட்ட எழுத்துரு சில பதிப்புகளில் கிம்பின் கண்ணில் படாமல் போனதுண்டு. நிறைய எழுத்துரு ஏற்றியபின் கிம்ப் திறக்கவே நேரமாகி, "ஃபான்ட்ஸ்" என்ற சொல்லிலேயே நின்றால் பொறுத்திருங்கள். எழுத்துருக்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை வேகமாகத் திறக்கும். நடுவில் மூடினால் கணக்கெடுப்பு மறுபடி முதலிலிருந்து.

பேனல்களைக் காணோம், கருவிகளைக் காணோம்

டேப் விசை பட்டிருக்கும். படத்தைச் சொடுக்கிவிட்டு டேப் ஒரு முறை அழுத்துங்கள், இரண்டு பக்கமும் திரும்பி வரும். வரவில்லை என்றால் விண்டோஸ் மெனுவில் ஹைட் டாக்ஸ் டிக்கை எடுங்கள். தவறி மூடிய பேனல் அதே மெனுவில் "ரீசன்ட்லி க்ளோஸ்ட் டாக்ஸ்" பட்டியலில் காத்திருக்கும். துண்டு துண்டாக விண்டோக்கள் பறந்தால் சிங்கிள் விண்டோ மோடு.

கருவிகள் குறைந்து தெரிவது 2020-ல் வந்த 2.10.18 முதல். ஒரே இனத்துக் கருவிகளை ஒரே பொத்தானுக்குள் அடுக்கிவிட்டார்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பவை விரியும். பழையபடி எல்லாம் வெளியே வேண்டுமானால் ப்ரிஃபரன்ஸஸ் → இன்டர்ஃபேஸ் → டூல்பாக்ஸில் "யூஸ் டூல் குரூப்ஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஃபில்டர்கள் எல்லாம் மங்கலாக, சொடுக்க முடியாமல் இருக்கின்றன

திறந்தது ஜிஃப் படமாகவோ, நிறம் குறைத்த பிஎன்ஜியாகவோ இருக்கும். இமேஜ் → மோடு → ஆர்ஜிபி.

ஒன்றை இழுத்தால் வேறொன்று நகர்கிறது

மூவ் கருவி, சொடுக்கிய இடத்தில் எந்த லேயரின் பிக்சல் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய எழுத்தைப் பிடிக்கப் போனால் எழுத்தின் இடைவெளியில் விரல் பட்டு, பின்னால் உள்ள போட்டோ வந்துவிடும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் தேர்ந்த லேயர் மட்டும் நகரும்.

விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் படம் கேட்கிறார்கள், இறங்கவே மாட்டேன் என்கிறது

எங்கள் ஸ்டூடியோவுக்குத் தேர்வு சீசனில் பாதி வருமானம் இதில்தான். அங்கே எல்லோரும் செய்யும் தவறு, ரெசல்யூஷனை 300-லிருந்து 72 ஆக்குவது. பிரின்ட் சைஸில் போய் அந்த எண்ணை மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் குறையாது. காகிதத்தில் எவ்வளவு பெரிதாக அச்சாகும் என்ற குறிப்பு மட்டுமே மாறும். கேபி குறைய வேண்டுமானால் பிக்சல் குறைய வேண்டும்.

3.5 × 4.5 செ.மீ. படம் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 413 × 531 பிக்சல். முதலில் அந்த விகிதத்தில் க்ராப் செய்யுங்கள். பிறகு இமேஜ் → ஸ்கேல் இமேஜில் அகலம் 413 கொடுங்கள். அப்புறம் ஜேபிஜியாக எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியில் "ஷோ பிரிவ்யூ இன் இமேஜ் விண்டோ" என்பதை டிக் செய்தால், கோப்பு எத்தனை கேபி வரும் என்று அங்கேயே எழுதிக் காட்டும். தர எண்ணை 90-லிருந்து மெல்ல இறக்குங்கள். இந்த அளவில் முகம் கெடாமலேயே 50-க்குள் அடங்கிவிடும். பிக்சலைக் குறைக்காமல் நேராகத் தரத்தை 10-க்கு இறக்குபவர்களின் படத்தில்தான் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும்.

ஆமை வேகம், அல்லது உறைந்து நிற்கிறது

ஒரு கோவில் திருவிழாவுக்குப் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். ஒரு அச்சகத்தில் "300 டிபிஐ-யில் கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தம்பி அப்படியே புதுக் கோப்பு திறந்தான். கிம்ப் மூச்சு விடவில்லை.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 120 அங்குலம் × 96 அங்குலம், ஒவ்வொரு அங்குலத்துக்கும் 300 பிக்சல். 36,000 × 28,800, அதாவது 103 கோடிக்கு மேல் பிக்சல். ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வைத்தால் ஒரே ஒரு லேயருக்கு ஏறக்குறைய 4 ஜிபி. சாமி படம் ஒரு லேயர், தோரணம் ஒரு லேயர், விழாக் குழுவினர் முகங்கள் பதினெட்டு லேயர். அவன் கணினியில் இருந்த மொத்த நினைவகமே 8 ஜிபி.

ஃப்ளெக்ஸைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கப் போகிறார்கள். 72 டிபிஐ போதும். அப்போது 8,640 × 6,912; லேயருக்குச் சுமார் 240 எம்பி. அச்சகத்திலும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

சாதாரணப் போட்டோவிலேயே இழுவை என்றால் இமேஜ் → ப்ரிசிஷன் பாருங்கள். 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டில் இருந்தால் அதே படம் நான்கு மடங்கு இடம் கேட்கும். சாதாரண வேலைக்கு 8 பிட் இன்டிஜர் போதும். ப்ரிஃபரன்ஸஸ் → சிஸ்டம் ரிசோர்சஸில் டைல் கேஷ் சைஸ் (கிம்ப் எடுத்துக்கொள்ள அனுமதித்த நினைவகம்) எவ்வளவு என்று பாருங்கள். 8 ஜிபி கணினியில் 4 ஜிபி வரை கொடுக்கலாம். முழுவதையும் கொடுத்தால் விண்டோஸ் திணறும். கேஷ் நிறைந்தால் கிம்ப் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், அங்கும் இடமில்லை என்றால்தான் உண்மையான சண்டை. சி டிரைவில் 2 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு கிம்பைத் திட்டுவதில் நியாயமில்லை.

அச்சில் நிறம் மங்குவது வேறு கதை. கிம்ப் உள்ளே, திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்ஜிபியில்தான் வேலை செய்கிறது; திரையில் பளிச்சிடும் நீலத்துக்கும் பச்சைக்கும் ஈடான மை அச்சகத்தில் இல்லை. 3.0-ல் அச்சகத்தின் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை முறை) ப்ரொஃபைலை வைத்து முன்னோட்டம் பார்க்கலாம், ஜேபிஜி, டிஃப் கோப்புகளைச் சிஎம்ஒய்கேயாகவே எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். 2.10-ல் இருப்பவர்கள் ஆர்ஜிபியாகக் கொடுத்துவிட்டு, ஒரு சின்னத் துண்டு மாதிரி அச்சடித்துக் காட்டச் சொல்வதே மேல்.

3.0 போட்டபின் பழைய ப்ளக்இன்கள் காணாமல் போயின

ப்ளக்இன் என்பது கிம்போடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல். 2.10-க்கு எழுதியவை 3.0-ல் ஓடாது. கிம்பின் உள்கட்டமைப்பே மாறிவிட்டது. பைதான் 2-ல் இருந்த ப்ளக்இன்கள் பைதான் 3-க்கு மாற வேண்டும். அதே ப்ளக்இனின் 3.0 பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஜிமிக் (G'MIC) என்ற ஃபில்டர் தொகுப்புக்கு இருக்கிறது. கிடைத்தபின் கோப்பை வெறுமனே ப்ளக்இன்ஸ் ஃபோல்டரில் போட்டாலும் வராது: கோப்பின் பெயரிலேயே ஒரு துணை ஃபோல்டர் செய்து அதற்குள் வைக்க வேண்டும். லினக்ஸ்காரர்கள் கூடவே இயக்கும் அனுமதியையும் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முணுமுணுப்புக்கூட இல்லாமல் விட்டுவிடும்.

எதற்கும் அடங்கவில்லை

கடைசி மருந்து. ப்ரிஃபரன்ஸஸ் → ஃபோல்டர்ஸில் பிரஷ், ஃபான்ட் போன்றவற்றின் இருப்பிடம் தெரியும். அந்தப் பாதையில் 2.10 அல்லது 3.0 என்று முடியும் ஃபோல்டர்தான் உங்கள் அமைப்புகளின் வீடு. கிம்பை மூடிவிட்டு அந்த ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் "பழசு" என்று சேர்த்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், நீங்கள் சேர்த்த பிரஷ்கள் உள்ளே இருக்கின்றன. கிம்பைத் திறந்தால் பிறந்த குழந்தை போல வரும். ஒன்று கவனம்: 3.0-வின் ஃபோல்டரை மாற்றிவிட்டு 2.10-வின் ஃபோல்டரை அப்படியே விட்டிருந்தால், 3.0 அதிலிருந்து பழைய அமைப்புகளை இழுத்துக்கொள்ளும். இரண்டின் பெயரையும் மாற்றுங்கள்.

நடுவேலையில் கிம்ப் தானாக மூடிக்கொண்டால், 2.10 முதல் விழுகிற நேரத்தில்கூடத் திறந்திருந்த படங்களைக் காப்பாற்றப் பார்க்கும். மறுபடி திறந்ததும் மீட்கட்டுமா என்று கேட்கும். தம்பி அந்தப் பெட்டியைப் படிக்காமலேயே மூடிவிட்டு எனக்குப் போன் செய்தான். பதினெட்டு முகங்களையும் மறுபடி வெட்டினான்.